மாதுளைத் தோல் களிம்பும் ‘குறையலம்மா’ என்ற குரலும்

அன்று மேடையில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். இரண்டாம் சுற்றுச் சோதனையிலும் எங்கள் மாதுளைத் தோல் களிம்புக்கும் மருந்தே சேராத போலிக் களிம்புக்கும் வேறுபாடு தெரியாவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள். என் வேலையும் அத்தோடு முடியும். என் வழிகாட்டியான பேராசிரியர் இதை முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

ஒலிபெருக்கி முன்னால் நின்றபோது அது நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அரங்கில் இருந்த அத்தனை பெண்களும் எனக்காக மனம் இரங்கியிருப்பார்கள். அந்த இரக்கந்தான் முதல் சுற்றைக் கெடுத்தது. ஆகவே விழுங்கிக்கொண்டேன்.

தையல் தொழிற்சாலைப் பெண்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அது. எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘வலி தீர்க்கும் கனி’. நான் கூட்டத்தில் பேசிப் பழகியவள் அல்ல. எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நடுவில் அவர்கள் குறுக்கிட்டதையும் நான் தடுமாறிச் சமாளித்ததையும் நினைவிலிருந்து சேர்த்திருக்கிறேன்.

*

ஓடுகிற தையல் இயந்திரத்தையும் ஓயாத எங்கள் கேள்விகளையும் ஒருசேரப் பொறுத்துக்கொண்டு, இன்று இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைவி அம்மா அவர்களே! கேள்வி கேட்கக் கற்றுத் தந்து, பதிலுக்குக் காத்திருக்கவும் கற்றுத் தந்த என் பேராசிரியர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, இந்தப் பெண் எப்போது முடிப்பாள் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் தோளில் பையும் மணிக்கட்டில் வலியுமாக வந்திருக்கும் தாய்மார்களே! காலர் தைக்கும் கைகளே, பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் கண்களே, கனல் கக்கும் இஸ்திரிப் பெட்டியோடு காலமெல்லாம் கைகுலுக்கும் தோழியரே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

உலகம் உடுத்துகிறது, நீங்கள் தைக்கிறீர்கள். உலகம் மடிப்புக் கலையாமல் நடக்கிறது; அந்த மடிப்புக்காக உங்கள் மணிக்கட்டு மடங்க மறுக்கிறது. சட்டையைப் போடுகிறவர் பொத்தானைப் பார்ப்பார், பையைப் பார்ப்பார், விலையைப் பார்ப்பார். அதைத் தைத்த விரல் வீங்கியிருந்ததா என்று யாராவது பார்ப்பாரா?

பார்க்க வந்தோம் நாங்கள். கையில் ஒரு பழத்தோடு வந்தோம். பழத்தோடு என்றுகூடச் சொல்ல முடியாது, பழத்தின் தோலோடு வந்தோம்.

மாதுளையை உடைத்தால் என்ன செய்வோம்? முத்துகளை எடுத்துக்கொள்வோம், தோலைத் தூக்கி எறிவோம். ஆனால் அந்தப் பழத்துக்குக் காவல் யார்? பூச்சி கடிக்க வந்தால் முதலில் கடிபடுவது எது? பூஞ்சை பிடிக்க வந்தால் முதலில் போராடுவது எது? தோல்! அதனால்தான் அதில் அத்தனை கசப்பு, அத்தனை துவர்ப்பு. அந்தத் துவர்ப்புக்குள் இருக்கும் சில சேர்மங்கள் வீக்கத்தைத் தணிக்கக்கூடும், வலியை மட்டுப்படுத்தக்கூடும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு.

அந்தத் தோலுக்காக நான் பழச்சாற்றுக் கடை வாசலில் சாக்கோடு போய் நின்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பழம் வேணாமா? தோல் மட்டும் போதுமா?”

“தோல் மட்டும் போதும்ணே.”

“வீட்ல எத்தனை ஆடும்மா?”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆராய்ச்சி என்று சொன்னேன். “படிச்ச புள்ள, ஏதோ கஷ்டம் போல” என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் சாறும் சேர்த்துக் கொடுத்தார். அந்த அண்ணனுக்கு இந்த மேடையிலிருந்து என் முதல் நன்றி.

அந்தத் தோலை உலர்த்தினோம், பொடித்தோம், சாராயமும் தண்ணீரும் கலந்து ஊறவைத்தோம், வடிகட்டினோம், வற்றவைத்தோம். சாக்கு நிறையப் போன தோல், சின்னக் கிண்ணத்தில் கருஞ்சிவப்புப் பாகாகத் திரும்பி வந்தது. அந்தப் பாகைக் கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்கள்மேல் விட்டுப் பார்த்தோம். வலியைத் தூண்டும் வேதிச் சேதிகளை அந்த அணுக்கள் அனுப்புவது அடங்கியது! நாங்கள் ஆனந்தக் கூத்தாடாத குறை. ஆனால் என் பேராசிரியர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “கண்ணாடித் தட்டுக்கு மணிக்கட்டு கிடையாது.”

மணிக்கட்டு எங்கே இருக்கிறது? உங்களிடம் இருக்கிறது. ஆகவே உங்களிடம் வந்தோம்.

பின்னால் யாரோ கேட்கிறீர்கள், காதில் விழுகிறது. “அப்ப மாதுளை ஜூஸ் குடிச்சா வலி போயிடுமா?” அக்கா, குடியுங்கள், சுவையாக இருக்கும். வலி போகும் என்று நான் சொல்ல மாட்டேன். தோலை அரைத்து வீட்டில் பூசவும் வேண்டாம். சிலருக்குத் தோல் எரியும், தடிக்கும். எல்லாருக்கும் கறைபடியும். கறையைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாதுளைத் தோல் துணிக்குச் சாயமேற்றவும் பயன்படும். படித்திருந்தோம், மறந்திருந்தோம். தையல் தொழிற்சாலையில், வெள்ளைச் சட்டை தைக்கும் மாதத்தில், சாயம் ஒட்டும் களிம்பைக் கொடுத்த அறிவாளிகள் நாங்கள்! முதல் வாரத்திலேயே கட்டிங் மாஸ்டர் ஒரு காலரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார்.

“யாரு இதுல டீயைக் கொட்டினது?”

காலர் தைக்கும் நம் காலர் அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “டீ இல்ல மாஸ்டர், மருந்து. காலருக்கும் கழுத்து வலியாம்.”

அன்றோடு, வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் பூச வேண்டும் என்று விதி வந்தது. அந்த விதியை விதித்தது விஞ்ஞானம் அல்ல, வெள்ளைத் துணி!

ஒருவர் விடாமல் ஒத்துழைத்தீர்கள். இரண்டு விதக் குழாய்கள் தந்தோம். நிறம் ஒன்று, மணம் ஒன்று, கறைகூட ஒன்று. ஒன்றில் அந்தத் தோலின் சாறு இருந்தது, மற்றொன்றில் இல்லை. எது எவருக்குப் போயிற்று என்று பூசிய உங்களுக்கும் தெரியாது, கொடுத்த எனக்கும் தெரியாது. ஏன் இந்தக் கண்ணாமூச்சி? நம்பிக்கைக்கும் வலியைக் குறைக்கும் வல்லமை உண்டு, தாய்மார்களே. நம்பிக்கை குறைத்தது எவ்வளவு, பழம் குறைத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேறு வழியில்லை. இதையெல்லாம் முன்பே சொல்லித்தான் கொடுத்தோம். நீங்களும் சரி என்றுதான் வாங்கிக்கொண்டீர்கள்.

பிறகு வாராவாரம் வந்தேன். உணவு இடைவேளையில், உங்கள் சங்க அறையில், அந்த நீள பெஞ்சில் நீங்கள் வரிசையாக உட்கார, நான் எதிரே நின்று கேட்டேன். வலியே இல்லையென்றால் பூஜ்யம். தாங்கவே முடியாதென்றால் பத்து. இப்போது எத்தனை?

அடடா, என்ன அழகாகக் குறைந்தது வலி! எட்டு ஆறானது, ஆறு நாலானது, நாலு இரண்டானது. “குறைஞ்சதும்மா.” “நல்லா குறைஞ்சது கண்ணு.” “உன் கை பட்டாலே குறையுது பாப்பா.” ஊரே ஒரு குரலில் சொல்ல, ஒரே ஒரு குரல் மட்டும் சொன்னது:

“குறையலம்மா. எட்டு. போன வாரமும் எட்டு.”

யார் அந்தக் குரல்? இஸ்திரி மேசையில் நிற்கும் அக்கா. பெட்டியைத் தூக்கும் வலது கையில் அவருக்கு வலி. தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். பெட்டியைத் தூக்க முடியாமற்போகும் நாள், அந்த மேசையில் அவருடைய கடைசி நாள் என்று மேற்பார்வையாளர் அவரிடம் சொல்லியிருந்தார். வலி குறைய வேண்டும் என்று அவரைவிட அதிகம் ஆசைப்பட்டவர் அந்த பெஞ்சில் இருந்திருக்க முடியுமா? அப்படிப்பட்டவர்தான் சொன்னார், குறையலம்மா என்று.

பெஞ்சு சும்மா விட்டதா? காலர் அக்காதான் முதலில் பாய்ந்தார்.

“ஏண்டி, அந்தப் பொண்ணு மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து நிக்குது. கொஞ்சம் கொறைஞ்சதுன்னு சொன்னா உன் வாய்ல முத்தா உதிர்ந்துடும்?”

“வலி என்னுது. அதுல அவளுக்கு எதுக்குப் பங்கு?”

“மனசுல ஈரமே இல்ல உனக்கு. நாங்கல்லாம் சொல்லல?”

“நீ எத்தனை சொன்ன?”

“ரெண்டு” என்றார் காலர் அக்கா, மிடுக்காக.

இஸ்திரி அக்கா பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். புது பாட்டில், மூடி இறுகியிருந்தது. “ரெண்டு தானே? இதைத் திற பாக்கலாம்.”

காலர் அக்கா வாங்கினார். மூடியில் கை வைத்தார். திருகினார். திருகிய வேகத்தில் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றார். பிறகு பாட்டிலை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“போடி இவளே! ஏழு தான். எழுதிக்கோ பாப்பா, ஏழு.”

உடைந்தது அணை! “எனக்கும் ஆறு இருக்கும்மா.” “நானும் சும்மாதான் சொன்னேன், உன் மூஞ்சி வாடிடுச்சுன்னா எங்களுக்குத் தாங்காது.” எனக்கு அன்றுதான் புரிந்தது. நீங்கள் வலிக்கு மதிப்பெண் போடவில்லை, எனக்குப் போட்டிருக்கிறீர்கள். நல்ல பிள்ளை, பாஸாகட்டும் என்று அள்ளிப் போட்டிருக்கிறீர்கள்.

அதோ, மூன்றாம் வரிசையில் எல்லாரும் காலர் அக்காவைத் திரும்பிப் பார்க்கிறீர்கள். பார்க்காதீர்கள். அது அவருடைய தவறன்று. நண்பர்கள் சூழ்ந்த பெஞ்சில் உட்காரவைத்து, ஆசையோடு முகத்தைப் பார்த்து நின்று, “குறைந்ததா அக்கா?” என்று கேட்டால், மனிதருக்குப் பிறந்தவர் யார் இல்லை என்பார்? கேட்ட முறை தவறு. அதை வகுத்தது நாங்கள்.

ஆனால் ஒன்றைக் கேளுங்கள். அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு, பெஞ்சின் ஓரத்தில் இருந்த காஜா அக்கா மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு நெஜமாவே குறைஞ்சது பாப்பா. ஊசியில நூல் கோக்க முடியுது இப்ப. ஆனா இனிமே நான் சொன்னா யாரு நம்புவா?”

அவையோரே! யார் நம்புவார்? எப்படி நம்புவார்? அன்பால் சொன்ன அத்தனை ‘குறைந்தது’ நடுவே, அனுபவித்துச் சொன்ன ஒரு ‘குறைந்தது’ காணாமற்போய்விட்டதே! வைக்கோற்போரில் விழுந்த ஊசியைக்கூடத் தேடி எடுக்கலாம். ஊசிகளின் குவியலில் விழுந்த ஊசியை எப்படித் தேடுவது?

பிறகு, அதுவரை எழுதியிருந்த எண்களை வைத்து, எந்தக் குழாயில் எது என்ற ரகசியக் குறியீடுகளைப் பிரித்துப் பார்த்தோம். சாறு பூசியவர்களுக்கும் வலி குறைந்திருந்தது. சாறில்லாததைப் பூசியவர்களுக்கும் அதே அளவு குறைந்திருந்தது. காகிதத்தின் கணக்குப்படி மாதுளை தோற்றது. உண்மையில் தோற்றதா? தெரியாது. வென்றதா? அதுவும் தெரியாது. நீங்கள் எவ்வளவு நல்லவர்கள் என்பது மட்டும் ஐயந்திரிபறத் தெரிந்தது!

இஸ்திரி அக்காவின் குழாயில் என்ன இருந்தது தெரியுமா? சாறு இல்லை. போலிக் களிம்பு. வலியைக் குறைக்க ஏதுமில்லாத ஒன்றைப் பூசிக்கொண்டு, வலி குறையவில்லை என்றார். நம்பிக்கை தூண்டியபோதும், நட்பு நெருக்கியபோதும், தன் உடம்பு சொன்னதை மட்டுமே சொன்னார். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால், இந்த மேடையில் இன்று நான் வேறொரு பேச்சுப் பேசிக்கொண்டிருப்பேன். ‘மாதுளையால் பயனில்லை, வணக்கம்’ என்று முடித்துவிட்டு இறங்கியிருப்பேன். ஒரு பழத்துக்கு மறுபடி ஒரு வாய்ப்புக் கிடைத்தது என்றால், அது அந்தக் ‘குறையலம்மா’ கொடுத்தது.

அக்கா, எழுந்து நில்லுங்கள், எல்லாரும் பார்க்கட்டும்.

“உக்காந்தே இருக்கேன்மா. நீ சீக்கிரம் முடி, பஸ் போயிடும்!”

கேட்டீர்களா? அதே குரல்! அதே உண்மை! முடித்துவிடுகிறேன் அக்கா.

தாய்மார்களே, நமக்கு ஒரு பழக்கம் உண்டு. காய்ச்சலோடு இருப்போம், “எப்படி இருக்கீங்க?” என்றால் “நல்லா இருக்கேன்” என்போம். கை வீங்கியிருக்கும், “ஒண்ணும் இல்ல, லேசா” என்போம். இன்னொருவர் மனம் நோகக்கூடாதென்று நம் நோவை ஒளித்துவைப்போம். அந்தப் பண்பைப் பழிக்க நான் வரவில்லை. அந்தப் பண்பில் குளிர் காய்ந்தவள் நான். மழையில் வந்தபோது துண்டு கொடுத்தீர்கள். பசித்து வந்தபோது உங்கள் டப்பாவைத் திறந்து நீட்டினீர்கள். அதற்கெல்லாம் எந்த மொழியில் நன்றி சொன்னாலும் போதாது.

ஆனால் வலி விஷயத்தில் மட்டும், உங்கள் கருணை எனக்கு வேண்டாம். உங்கள் கண்டிப்பு வேண்டும். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். குறைந்தால் குறைந்தது என்று சொல்லுங்கள். கூடினால் கூடிற்று என்று கூசாமல் சொல்லுங்கள். ‘இது எதற்கும் ஆகாது’ என்று குழாயை என் முன்னால் தூக்கிப் போடுங்கள்; நான் குனிந்து எடுத்துக்கொண்டு நன்றி சொல்வேன். நீங்கள் மறைக்கும் ஒவ்வொரு வலியும் இன்னொருத்தியின் வலிக்கு மருந்து கிடைக்காமற் செய்யும். நீங்கள் உரைக்கும் ஒவ்வொரு வலியும் எங்கோ, நீங்கள் பார்த்தேயிராத ஒரு பெண்ணின் விரலை விடுவிக்கும். பொறுத்தது போதும் என்று நான் சொல்லவில்லை. பொறுத்தது எவ்வளவு என்று சொல்லுங்கள் என்கிறேன்!

அடுத்த வாரம் இரண்டாம் சுற்றுத் தொடங்குகிறது. புதிதாகக் குலுக்கிப் போட்ட குழாய்கள். யாருக்கு எது வரும் என்று எவருக்கும் தெரியாது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் வாருங்கள். வராதவர்கள்மேல் எள்ளளவும் வருத்தமில்லை. பெஞ்சு இருக்காது. ஒவ்வொருவராக, கதவு சாத்திய அறையில் கேட்போம். கேட்கப்போவது நான் அல்ல. உங்கள் முன்னால் நான் வரவே மாட்டேன். எங்கள் துறையிலேயே சிரிக்கத் தெரியாத ஒரு செவிலியரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்திருக்கிறோம். அதோ, கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறாரே, அவர்தான். பாருங்கள், இப்போதுகூடச் சிரிக்கவில்லை! அவர்மேல் உங்களுக்கு இரக்கம் வராது. அதற்கு நான் உத்தரவாதம்.

தோலைக் கொடுத்த கடைக்காரருக்கு நன்றி. கறையைப் பொறுத்த மாஸ்டருக்கு நன்றி. அன்பினால் பொய் சொன்ன காலர் அக்காவுக்கு நன்றி. சிரித்துக்கொண்டே அதைத் திருத்திய அவருக்கே இன்னொரு நன்றி. நம்பமாட்டார்களோ என்று அஞ்சியும் உண்மையைச் சொன்ன காஜா அக்காவுக்கு நன்றி. உங்கள் அறையையும் உங்கள் உணவு நேரத்தையும் எங்களுக்குப் பங்கிட்ட தலைவி அம்மாவுக்கு நன்றி. வலிக்கிறது என்று சொல்லும் துணிவை, எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத பாடமாக எனக்குத் தந்த இஸ்திரி அக்காவுக்கு, என் இரு கைகளையும் கூப்பி நன்றி.

உங்கள் கைகள் நலம் பெறட்டும். பேருந்துக்கு நேரமாகிவிட்டது; விடைபெறுகிறேன், வணக்கம்.

*

முதல் சுற்றில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி வந்தார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. செவிலியர்தான் கேட்டு எழுதினார். முடிவில் குறியீடுகளைப் பிரித்தபோது, தோலின் சாறு சேர்ந்த களிம்பைப் பூசியவர்களுக்கு வலி ஓரளவு குறைந்திருந்தது; மற்றவர்களுக்கு அவ்வளவு குறையவில்லை. வேறுபாடு சிறியதுதான், ஆனால் இருந்தது. ஆய்வை மூடவில்லை.

இஸ்திரி அக்காவுக்கு இந்தத் தடவை உண்மையான களிம்பு போயிருந்தது. அவருக்குக் குறையவில்லை. முதல் வாரமும் எட்டு என்றார், கடைசி வாரமும் எட்டு என்றார். மாதக் கடைசியில், பெட்டியைத் தூக்க முடியாமல், அவர் இஸ்திரி மேசையை விட்டு, பொத்தான் சரிபார்க்கும் மேசைக்கு மாறிப் போனார்.